மரப்பட்டையில இருந்து ட்ரிப்ஸ் பாட்டில் வரைக்கும்: மார்பக கேன்சரும் தாவர மருந்தும்

ஒருத்தருக்கு மார்பக கேன்சர்னு தெரிஞ்ச மறுநாளே அவங்க போன்ல ஃபார்வர்டு மெசேஜா வந்து விழ ஆரம்பிச்சிடும். இந்த இலையை அரைச்சுக் குடிங்க, அந்தப் பழம் கீமோவை விட பத்தாயிரம் மடங்கு பவரு, டாக்டருங்க இதையெல்லாம் மறைக்கிறாங்கன்னு. அனுப்புறவங்க கெட்டவங்க இல்ல, பாசத்துல தான் அனுப்புறாங்க. இன்னொரு பக்கம் "செடி கொடியெல்லாம் சும்மா, மூடநம்பிக்கை"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டுப் போறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருமே ஒண்ணைக் கவனிக்கல. இன்னிக்கு மார்பக கேன்சர் வார்டுல ட்ரிப்ஸா ஏத்துற முக்கியமான மருந்துகள்ல சிலது மரத்துல இருந்து வந்தது தான். யாரும் எதையும் மறைக்கல, பாட்டில் மேலயே பேரு எழுதி ஒட்டியிருக்கு.

அதனால "செடியில கேன்சர் மருந்து இருக்கா"ன்னு கேட்டா பதில் ரொம்ப சிம்பிள், இருக்கு. ஆனா அந்த இலைக்கும் இந்த பாட்டிலுக்கும் நடுவுல ஒரு பெரிய தூரம் இருக்கு, சில மருந்துக்கு முப்பது வருஷம், சிலதுக்கு அம்பது வருஷம் ஆச்சு. அந்த தூரத்துல என்ன தான் நடக்குதுன்னு புரிஞ்சுட்டா அடுத்த தடவை ஃபார்வர்டு வரும்போது நீங்களே எடை போட்டுப் பார்த்துக்கலாம்.

செடி எதுக்கு விஷம் தயார் பண்ணுது

செடியால ஓட முடியாது. புழு கடிச்சாலும் அங்கேயே தான் நிக்கணும், பூஞ்சை ஏறினாலும் அங்கேயே தான், மாடு வந்து மேஞ்சாலும் அங்கேயே தான். அப்போ அது தன்னைக் காப்பாத்திக்க ஒரே வழி, உடம்பையே ஒரு கெமிக்கல் ஃபேக்டரியா மாத்திக்கிறது. கசப்பு, காரம், நாத்தம், விஷம், எல்லாம் அங்க இருந்து வர்றது. காஃபி குடிச்சா நமக்கு தூக்கம் கலையுற அந்த காஃபின் கூட பூச்சிக்கு விஷம் தான். இப்படி ஒரு தாவரம் தனக்காக செஞ்சுக்கிற பொருளுக்குப் பொதுப்பேரு ஃபைட்டோகெமிக்கல். பேரு பெருசா இருக்கேன்னு பயப்பட வேணாம், தாவர வேதிப்பொருள், அவ்ளோ தான்.

இதுல முக்கியமான சொல் "தனக்காக". நமக்கு வைத்தியம் பண்ணணும்னு எந்தச் செடியும் எதையும் செய்யல. பூச்சியோட செல்லும் நம்ம செல்லும் அடியில பார்த்தா ஏறக்குறைய ஒரே மாதிரி உதிரிபாகங்களால கட்டினது, அதனால பூச்சியோட செல்லை முடக்குற பொருள் நம்ம செல்லையும் முடக்கலாம். முடங்குறது கேன்சர் செல்லா இருந்தா அதை மருந்துன்னு சொல்றோம், நல்ல ரத்த செல்லா இருந்தா பக்கவிளைவுன்னு சொல்றோம். அந்தப் பொருளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

"இயற்கையானது, அதனால பக்கவிளைவே கிடையாது, ஆனா கேன்சர் செல்லை மட்டும் கொன்னுடும்"னு ஒரே மூச்சுல சொல்றாங்க பாருங்க, அதை ஒரு நிமிஷம் யோசிச்சா இடிக்கும். செல்லைக் கொல்ற அளவுக்கு வீரியம் இருந்தா பக்கவிளைவும் இருக்கத்தான் செய்யும்.

கேன்சர் செல் என்ன பண்ணுது

உடம்புல செல்லுங்க ஒண்ணு ரெண்டா பிரிஞ்சுக்கிட்டே தான் இருக்கும், ஆனா "போதும், நிறுத்து"ன்னு சிக்னல் வந்தா நிறுத்திக்கும். கேன்சர் செல் அந்த சிக்னலைக் காதுல வாங்காம பிரிஞ்சுக்கிட்டே போகும். பழைய கீமோ மருந்துகள் நிறைய இந்தப் பிரியுற வேலையிலயே கைய வைக்கும், அதனால தான் வேகமா பிரியுற மத்த செல்லுங்களும், அதாவது முடி வேர், வாய் உள்பக்கம், ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜை, இதெல்லாமும் சேர்ந்து அடி வாங்குது.

மார்பக கேன்சர்னு ஒரே பேர்ல சொன்னாலும் அது ஒரே நோய் கிடையாது. செல்லோட மேலயோ உள்ளயோ வெளியில இருந்து வர்ற தகவலை வாங்கிக்கிற புரதங்கள் இருக்கும், அதுக்கு ரிசெப்டர்னு பேரு. பத்துல ஏழு பேருக்கு வர்ற வகையில ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோனைப் பிடிக்கிற ரிசெப்டர் இருக்கும், அந்த ஹார்மோன் தான் கட்டிக்குத் தீனி. இன்னொரு வகையில ஹெர்-2ன்னு ஒரு ரிசெப்டர் அளவுக்கு மீறி முளைச்சிருக்கும். மூணாவது வகையில ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 மூணுமே இருக்காது, அதை டிரிபிள் நெகட்டிவ்னு சொல்லுவாங்க. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. அதனால "இந்தப் பொடி மார்பக கேன்சருக்கு நல்லது"ன்னு யாராவது சொன்னா, எந்த வகைக்குங்கன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்னுடும்.

ஒரு மரப்பட்டை மருந்தான கதை

1962-ல அமெரிக்காவோட தேசிய கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்காக ஆர்தர் பார்க்லேன்னு ஒரு தாவரவியல் ஆள் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுல கண்ணுல பட்ட செடி கொடியெல்லாம் சாம்பிள் எடுத்துட்டு இருந்தார். இந்த மரத்துல மருந்து இருக்குன்னு யாரும் சொல்லி அனுப்பல, ஆயிரக்கணக்கான தாவரங்களை எடுத்து ஒண்ணொண்ணா லேப்ல போட்டுப் பார்க்குற ஒரு பெரிய தேடல் அது. அதுல ஒண்ணு பசிபிக் யூ மரத்தோட பட்டை. மன்ரோ வால், மன்சுக் வானின்னு ரெண்டு விஞ்ஞானிங்க அந்தப் பட்டையில இருந்து வேலை செய்யுற பொருளைத் தனியா பிரிச்சு, அதோட வடிவம் என்னன்னு 1971-ல வெளியிட்டாங்க. டாக்சால்னு பேரு வச்சாங்க, இன்னிக்கு மருந்துச்சீட்டுல பாக்லிடாக்செல்னு இருக்கும்.

கண்டுபிடிச்சவுடனே எல்லாரும் கைதட்டினாங்கன்னு நினைச்சுடாதீங்க. தண்ணில கரையாது, பட்டையில இருக்கிறதோ துளியூண்டு, எப்படி வேலை செய்யுதுன்னும் தெரியாது, கிட்டத்தட்ட கிடப்புல கிடந்துச்சு. 1979-ல சூசன் ஹார்விட்ஸ்னு ஒரு விஞ்ஞானி அது செல்லுக்குள்ள என்ன பண்ணுதுன்னு காட்டினாங்க, அதுக்கப்புறம் தான் மறுபடி உயிர் வந்துச்சு.

அவங்க காட்டினது என்னன்னா, கட்டடத்துக்கு சாரம் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. கம்பு வச்சுக் கட்டுவாங்க, அந்தப் பக்கம் வேலை முடிஞ்சதும் அவிழ்த்து அடுத்த பக்கம் கட்டுவாங்க. செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு சாரம் இருக்கு, மைக்ரோட்யூபியூல்னு பேரு, நுண்ணிய குழாய் மாதிரி. செல் ரெண்டா பிரியும்போது இந்தக் குழாய்ங்க நீண்டு போய் டிஎன்ஏவைச் சுருட்டி வச்சிருக்கிற குரோமோசோமைப் பிடிச்சு, அப்புறம் தானே அவிழ்ந்து சுருங்கி, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் இழுத்துட்டுப் போகும். கட்டவும் தெரியணும், அவிழ்க்கவும் தெரியணும். டாக்சால் போய் முடிச்சுல சிமெண்ட் ஊத்தின மாதிரி உட்கார்ந்துக்கும், சாரம் அவிழாது. பிரிய ஆரம்பிச்ச செல் பாதியில மாட்டிக்கிட்டு, கடைசில செத்துப் போகும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா பக்கவிளைவும் புரியும். இந்த மருந்து எடுக்கிறவங்க நிறைய பேர் விரல் நுனி மரத்துப் போகுது, பாதத்துல ஊசி குத்துதுன்னு சொல்லுவாங்க. நரம்பு செல் ரொம்ப நீளமானது, அதுக்குள்ள சரக்கை ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்குக் கொண்டு போற தண்டவாளமே இந்த மைக்ரோட்யூபியூல் தான். அதை அசையாம இறுக்கிட்டா சரக்கு எப்படிப் போகும்.

அடுத்த தலைவலி மரம். வளர்ந்த ஒரு மரத்தோட பட்டையை முழுசா உரிச்சா ஏறக்குறைய ஒரு டோஸுக்குத் தேறும், பட்டையை உரிச்சா மரம் செத்துடும், ஒரு ஆளுக்கே பல டோஸ் வேணும். கணக்குப் போட்டுப் பார்த்தா காடே காணாம போயிருக்கும். கடைசில ஐரோப்பாவுல வளர்ற இன்னொரு யூ மரத்தோட ஊசி இலையில இருந்து ஒரு தாய்ப்பொருளை எடுத்து லேப்ல மீதியைச் செஞ்சு முடிக்கிற வழியைக் கண்டுபிடிச்சாங்க, இலை பறிச்சா மரம் சாகாது, திரும்ப துளிர்க்கும். அதே வழியில வந்த தம்பி தான் டோசிடாக்செல். இப்போ யூ மரத்து செல்லை தொட்டியில வளர்த்தும் எடுக்கிறாங்க.

டாக்சாலுக்கு 1992-ல சினைப்பை கேன்சருக்கும், 1994-ல மார்பக கேன்சருக்கும் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அப்புறமும் கரையாத பிரச்சனை தீரல. ஆமணக்கு எண்ணெயில இருந்து செஞ்ச ஒரு திரவத்துல கலந்து தான் ஏத்தணும், அந்தத் திரவமே சிலருக்கு அலர்ஜி, அதனால முன்னாடியே அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் போட்டுட்டு ஏத்துவாங்க. 2005-ல ரத்தத்துல இருக்கிற அல்புமின் புரதத்தோட சேர்த்துக் கட்டின இன்னொரு வடிவம் வந்துச்சு, அதுக்கு அந்த எண்ணெய்த் திரவம் வேணாம். பட்டை எடுத்தது 1962, மார்பக கேன்சருக்கு வந்தது 1994. முப்பத்திரண்டு வருஷம்.

நித்யகல்யாணி, நேர் எதிர் வேலை

இது சின்ன கதை தான், சொல்லிட்டுப் போயிடறேன். 1950-கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேர் நித்யகல்யாணி இலையை சுகர் வியாதிக்காக ஆராய்ச்சி பண்ணாங்க. எலிக்குக் கொடுத்துப் பார்த்தா சுகர் ஒண்ணும் குறையல, ஆனா வெள்ளை அணுக்கள் சரசரன்னு இறங்கிடுச்சு. வேற யாரா இருந்தாலும் தோல்வின்னு தூக்கிப் போட்டிருப்பாங்க, இவங்க வெள்ளை அணு கண்டபடி பெருகுற ரத்த கேன்சருக்கு இது உதவுமேன்னு யோசிச்சாங்க. அப்படி வந்தது வின்பிளாஸ்டின். அதோட வழித்தோன்றலான வினோரெல்பின் முத்தின மார்பக கேன்சருக்கு இன்னிக்கும் பயன்படுது. டாக்சால் சாரத்தை அவிழ விடாது, இது சாரத்தைக் கட்டவே விடாது. ரெண்டுலயும் செல்லால பிரிய முடியாது.

இதுவரைக்கும் வந்ததைக் கொஞ்சம் கோர்த்துப் பார்த்துக்கலாம்: செடி தன்னைக் காப்பாத்திக்க விஷம் செய்யுது, அதுல சிலது செல் பிரியுற இயந்திரத்துல கை வைக்குது, அதைத் தனியா பிரிச்சு, அளந்து, நேரா ரத்தத்துல ஏத்தினா மருந்து. பட்டையை ஊறவச்ச தண்ணி மருந்து கிடையாது. யூ மரத்தோட இலையையும் விதையையும் அப்படியே தின்னா கேன்சர் போறதுக்கு முன்னாடி இதயம் நின்னுடும், அதுல வேற விஷமும் இருக்கு.

தட்டுல செத்தா உடம்புக்குள்ளயும் சாகுமா

இப்போ அந்தப் பத்தாயிரம் மடங்குக்கு வருவோம். முள்சீத்தா பழத்தைப் பத்திச் சொல்றது இது. இது எங்க இருந்து முளைச்சுதுன்னா 1996-ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. அதுல முள்சீத்தா விதையில இருந்து பிரிச்ச ஒரு பொருள், லேப்ல வளர்த்த பெருங்குடல் கேன்சர் செல் மேல, அட்ரியாமைசின்ங்கிற கீமோ மருந்தை விட பத்தாயிரம் மடங்கு வீரியமா இருந்துச்சுன்னு ஒரு வரி. விதை, பழமோ இலையோ இல்ல. பெருங்குடல் செல், மார்பகம் இல்ல. கண்ணாடித் தட்டு, மனுஷன் இல்ல. இந்த மூணையும் கழட்டிட்டு நம்பரை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க. அந்தப் பழக் குடும்பத்துல இருக்கிற அந்த வகைப் பொருள் நரம்பு செல்லையும் கெடுக்கும், கரீபியன் கடல்ல குவாதலூப் தீவுல பார்க்கின்சன் (கை கால் நடுங்குற, இறுகிப் போற வியாதி) மாதிரி ஒரு நரம்பு வியாதிக்கும் இதை நிறைய சாப்பிடுறதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அது எந்த ஃபார்வர்டுலயும் வராது.

தட்டுல செல்லைக் கொல்றது பெரிய வித்தையே இல்ல. உப்பை அள்ளிப் போட்டாலும் சாகும், பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தினாலும் சாகும். கேள்வி ரெண்டு. அதே பொருள் நல்ல செல்லை விட்டு வைக்குமா? தட்டுல ஊத்தின அதே அடர்த்தி மனுஷன் ரத்தத்துல வருமா?

ஒரு டம்ளர் தண்ணில பத்து சொட்டு மை விட்டா தண்ணி முழுக்க நீலமாயிடும், அதே பத்து சொட்டைக் கிணத்துல விட்டா ஒண்ணும் தெரியாது. தட்டு டம்ளர், உடம்பு கிணறு. அதுவும் சும்மா கிணறு இல்ல, ஊத்த ஊத்த உடனே மையை எடுத்து வெளியே கொட்டிட்டு இருக்கிற கிணறு. பாக்லிடாக்செல் துளிக்கும் துளியான அடர்த்தியிலயே வேலை செய்யும், அந்த அளவு ரத்தத்துல வர வைக்க முடிஞ்சுது, அதனால ஜெயிச்சுது. தட்டுல ஜோரா வேலை செஞ்ச மத்த நூத்துக்கணக்கான தாவரப் பொருள் இந்த இடத்துல தான் படுத்துக்குச்சு.

குர்குமின், ஏன் இவ்ளோ பேச்சு, ஏன் மருந்தா வரல

மஞ்சள்ல மஞ்சள் நிறம் கொடுக்கிற பொருள் குர்குமின். மஞ்சள் தூள்ல நூத்துக்கு மூணு பங்கு அளவுக்கு இருக்கும், கொஞ்சம் கூடக்குறைய. இதைப் பத்தி ஆயிரக்கணக்குல ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கு, மார்பக கேன்சர் செல் மேலயும் நிறைய. அப்புறம் ஏன் டாக்டர் எழுதிக் கொடுக்கலன்னு கேக்குறது நியாயமான கேள்வி தான்.

முதல் காரணம், அது உள்ள போகாது. வாய் வழியா கிராம் கணக்குல சாப்பிட்டாலும் பெரும்பகுதி குடல்லயே இருந்துட்டு வெளியே போயிடும். உள்ள நுழையுற கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் "இது வெளியே அனுப்ப வேண்டிய சரக்கு"ன்னு முத்திரை குத்திடும். முழுங்கினதுல எவ்வளவு ரத்தத்துக்கு வந்து சேருதோ, அதுக்கு பயோஅவைலபிலிட்டின்னு பேரு, குர்குமினுக்கு அது படு மோசம்.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது, எனக்குப் பிடிச்ச பகுதியும் இது தான். தெருவுல எல்லா வீட்டு காலிங் பெல்லையும் அமுக்கிட்டு ஓடுற பையனை நினைச்சுக்கோங்க. எல்லா வீட்லயும் பெல் அடிக்கும், அதுக்காக அவன் எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரன் ஆயிட மாட்டான். லேப் டெஸ்ட்லயும் சில பொருட்கள் இப்படித்தான், கண்ட புரதத்துல எல்லாம் போய் ஒட்டிக்கும், தானே ஒளி விடும், தானே உடைஞ்சு வேற பொருளாகும், டெஸ்ட் கருவி "வேலை செய்யுது"ன்னு சொல்லிடும். குர்குமின் அந்தக் கூட்டத்துல ஒண்ணுன்னு 2017-ல மருந்து வேதியியல் ஆட்கள் சேர்ந்து ஒரு நீளமான கட்டுரையே எழுதினாங்க. அந்த ஆயிரக்கணக்கான கட்டுரையில எத்தனை இந்த பெல் சத்தமோ.

அதுக்காக ஒண்ணுமே இல்லன்னும் நான் சொல்ல வரல. 2020-ல ஒரு டிரையல், அதாவது நோயாளிங்க மேல செஞ்ச சோதனை, வந்துச்சு, முத்தின மார்பக கேன்சர் இருந்த 150 பெண்கள், எல்லாருக்கும் பாக்லிடாக்செல், பாதிப் பேருக்குக் கூடவே குர்குமினை நரம்பு வழியா ட்ரிப்ஸா ஏத்தினாங்க, அந்தப் பாதியில கட்டி சுருங்கினவங்க எண்ணிக்கை அதிகமா இருந்துச்சு. நல்ல அறிகுறி தான், ஆனா சின்ன டிரையல், கூட கீமோவும் இருந்துச்சு, முக்கியமா அது முழுங்கினது இல்ல, ஏத்தினது. வாய் வழி பலிக்காதுன்னு தெரிஞ்சதால தான் ஊசி வழிக்கே போனாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சோயா சாப்பிடலாமா, கூடாதா

சோயாவுல ஜெனிஸ்டின்னு ஒரு பொருள் இருக்கு, பார்க்க ஈஸ்ட்ரோஜன் சாயல். இந்த மாதிரி தாவரப் பொருளுக்கு ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்னு பேரு. ஈஸ்ட்ரோஜன் தான் கட்டிக்குத் தீனின்னு மேல சொன்னேன்ல, அப்போ சோயா ஆபத்துன்னு ஒரு கூட்டம். இல்ல இல்ல, அது ஈஸ்ட்ரோஜன் இடத்தை அடைச்சுக்கும், அதனால மருந்துன்னு இன்னொரு கூட்டம். எலியில செஞ்ச சோதனைகள் பயமுறுத்துற மாதிரி தான் வந்துச்சு. ஆனா மனுஷங்களைப் பார்த்தப்போ கதை வேற, ஷாங்காய்ல மார்பக கேன்சர் வந்து சிகிச்சை எடுத்த 5,000-க்கும் மேல பெண்களை வருஷக்கணக்கா கவனிச்சு 2009-ல வெளியிட்டாங்க, சோயா உணவு அதிகமா சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்புறதும் இறப்பும் குறைவாவே இருந்துச்சு. இது கவனிச்சுப் பார்த்த ஆராய்ச்சி, பாதிப் பேருக்குக் கொடுத்து பாதிப் பேருக்குக் கொடுக்காம பார்த்தது இல்ல, அதனால சோயா தான் காப்பாத்துச்சுன்னு சொல்லிட முடியாது. ஆனா உணவா சாப்பிடுறதுக்குப் பயப்பட வேணாம்ங்கிற அளவுக்கு தெம்பு கொடுக்குது. செறிவாக்கின ஜெனிஸ்டின் காப்ஸ்யூல் வேற விஷயம், அதை உணவோட ஒரே தட்டுல வைக்க முடியாது.

ஆக, தட்டு ஒண்ணு சொல்லும், எலி ஒண்ணு சொல்லும், மனுஷன் ஒண்ணு சொல்லும். மூணும் ஒத்துப் போகணும்னு கட்டாயம் இல்ல, முரண்பட்டா மனுஷன் பக்கம் தான் நிக்கணும்.

"கூடவே சேர்த்துக்கிட்டா என்ன கெட்டுப் போகுது"

நிறைய பேர் கீமோவை நிறுத்த மாட்டாங்க, கூடவே இதையும் எடுப்பாங்க. நியாயமா தான் தெரியும். கெட்டுப் போகலாம், எப்படின்னா இப்படி.

கல்லீரல்ல மருந்துகளை மாத்தி அமைக்கிற என்சைம்கள் இருக்கு. என்சைம்னா உடம்புக்குள்ள வேதி வேலையைச் செய்யுற புரதம். சில மருந்தை அதுங்க செயலிழக்க வைக்கும், சில மருந்தை அதுங்க தான் செயல்படவே வைக்கும். டமாக்சிஃபென் ரெண்டாவது ரகம். ஈஸ்ட்ரோஜன் வகை மார்பக கேன்சருக்கு வருஷக்கணக்கா எடுக்கிற மாத்திரை இது, கல்லீரல் இதை எண்டாக்சிஃபென்னா மாத்தினா தான் முழு வேகத்துல வேலை செய்யும். 2019-ல நெதர்லாந்துல டமாக்சிஃபென் எடுத்துட்டு இருந்தவங்களுக்கு குர்குமின் கொடுத்து ரத்தத்தை அளந்து பார்த்தாங்க, எண்டாக்சிஃபென் அளவு இறங்குச்சு, மிளகுல இருக்கிற பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தப்போ இன்னும் இறங்குச்சு, 12 சதவீதம் கிட்ட. கடையில விக்கிற குர்குமின் காப்ஸ்யூல் நிறையத்துல உறிஞ்சுறதுக்காக பைப்பரின் சேர்த்தே தான் வருது. நல்லதுக்குன்னு முழுங்குறது, ஏற்கனவே நல்லது பண்ணிட்டு இருக்கிற மாத்திரையோட கையைப் பிடிச்சு இழுக்குது.

மனசு சரியில்லன்னு எடுக்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற மூலிகை இன்னும் மோசம், அது என்சைம்களை முடுக்கி விட்டுடும், இரினோடீகன்ங்கிற கீமோ மருந்தோட வேலை செய்யுற வடிவம் ரத்தத்துல 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதை அளந்தே காட்டியிருக்காங்க. கிரேப்ஃப்ரூட் பழம் நேர் எதிரா என்சைமை அடைச்சுடும், மருந்து வெளியேறாம தேங்கி விஷமாகும், மார்பக கேன்சருக்குக் கொடுக்கிற பால்போசிக்ளிப் மாத்திரையோட குறிப்புலயே இந்தப் பழத்தைத் தவிர்க்கச் சொல்லி எழுதியிருக்கு. கிரீன் டீ குடிக்கிறது பொதுவா ஒண்ணும் பண்ணாது, ஆனா அதைச் செறிவாக்கின காப்ஸ்யூல் கல்லீரலைக் கெடுத்த கேஸ் நிறைய பதிவாகியிருக்கு, மஞ்சள் காப்ஸ்யூலாலயும் அப்படி நடந்திருக்கு.

வைத்தியத்தையே விட்டுட்டு மாற்று மருந்து மட்டும்னு போனவங்க கதை தனி. அமெரிக்காவுல பதிவேட்டை வச்சு 2018-ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியில, பரவாத நிலையில இருந்த கேன்சருக்கு வழக்கமான சிகிச்சை எதுவும் வேணாம்னு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவங்களைப் பார்த்தாங்க. மார்பக கேன்சர்ல அவங்களோட இறப்பு அபாயம் சிகிச்சை எடுத்தவங்களை விட ஐந்தரை மடங்குக்கு மேல. சிகிச்சைக்கு நல்லா கட்டுப்படுற நிலையில இருந்த நோய் அது, அதனால தான் வித்தியாசம் இவ்ளோ பெருசா வந்துச்சு. வைட்டமின் பி17-ன்னு பேர் மாத்தி வித்த லேட்ரைல் ஞாபகம் இருக்கா? ஆப்ரிகாட் கொட்டைச் சரக்கு. அதையும் சும்மா ஒதுக்கல, 178 நோயாளிங்களுக்குக் கொடுத்து பார்த்து 1982-ல வெளியிட்டாங்க. யாருக்கும் நோய் குணமாகல, சிலர் ரத்தத்துல சயனைடு ஏறுச்சு. வைட்டமினும் கிடையாது அது.

பழைய விஷம், புது விலாசம்

கடைசியா இப்போ நடக்குற விஷயம் ஒண்ணு, தாவரக் கதை முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறவங்களுக்காக. 1972-ல மேடென்சின்னு ஒரு பொருளை ஒரு ஆப்பிரிக்கப் புதர்ச்செடியில இருந்து பிரிச்சாங்க. சாரத்தைக் கட்ட விடாத ரகம் தான், ஆனா வீரியம் பயங்கரம், நோயாளிங்களுக்குக் கொடுத்துப் பார்த்தா கேன்சரை விட நோயாளி தான் அதிகமா அடி வாங்கினாங்க, தூக்கி வச்சுட்டாங்க. அதே மாதிரி 1966-ல வால், வானி இவங்களே ஒரு சீன மரத்துல இருந்து கேம்ப்டோதெசின்னு ஒண்ணு எடுத்தாங்க. செல் பிரியுறதுக்கு முன்னாடி டிஎன்ஏவை நகல் எடுக்கணும், அப்போ முறுக்கு விழும், ஒரு என்சைம் வந்து அந்த டிஎன்ஏ கயிறை வெட்டி முறுக்கை எடுத்துட்டுத் திரும்ப ஒட்டும். கேம்ப்டோதெசின் வெட்டின இடத்துல ஒட்ட விடாது. அதுவும் ஆரம்பத்துல மூத்திரப்பையைக் கெடுத்துச்சுன்னு நிறுத்தினாங்க.

ரெண்டும் இப்போ திரும்ப வந்திருக்கு, சாயல் மாறி, விலாசம் எழுதின பார்சலா. ஆன்டிபாடின்னு ஒரு புரதம், அது கேன்சர் செல் மேல இருக்கிற ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டும். அதோட முதுகுல இந்த விஷத்தைக் கட்டி அனுப்பினா, பெரும்பகுதி விஷம் அந்த செல்லுக்குள்ள போய்த் தான் அவிழும். மேடென்சின் வழி வந்த விஷத்தை ஹெர்-2 ஆன்டிபாடியோட கட்டின மருந்து 2013-ல மார்பக கேன்சருக்கு வந்துச்சு. கேம்ப்டோதெசின் வழி வந்தது ரெண்டு, ஒண்ணு 2019 கடைசில ஹெர்-2 வகைக்கு, இன்னொண்ணு 2020-ல டிரிபிள் நெகட்டிவுக்கு. வேற வழியே இல்லன்னு இருந்த நிறைய பேருக்கு இது கூடுதல் காலம் கொடுத்திருக்கு. பக்கவிளைவு இல்லாம இல்ல, ஆனா தனியா ஏத்த முடியாத விஷத்தை ஏத்த முடியுற மாதிரி ஆக்கினது சின்ன விஷயம் இல்ல.

அடுத்த செய்தி வரும்போது

"இந்தச் செடி மார்பக கேன்சரை அழிக்குதுன்னு விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு"ன்னு வந்தா தலைப்பை விட்டுட்டு நேரா உள்ள போய், எதுல பார்த்தாங்கன்னு தேடுங்க. செல்லா, எலியா, மனுஷனா. மனுஷன்னா எத்தனை பேரு, கொடுக்காத ஒரு கூட்டத்தோட ஒப்பிட்டாங்களா. முழுங்கினதா, ஏத்தினதா. பொடியா, பிரிச்செடுத்த பொருளா. செல்லுன்னு போட்டிருந்தா அது பொய் இல்ல, ஆனா 1962-ல பார்க்லே பட்டை உரிச்சுட்டு இருந்தாரே, கிட்டத்தட்ட அந்த இடத்துல தான் அந்தச் செடி இப்போ நிக்குது. மனுஷங்க மேல சோதனைக்குப் போற கேன்சர் மருந்துகள்லயே பத்துல ஒன்பதுக்கு மேல கடைசி வரைக்கும் வர்றதில்ல, அதுக்கு முன்னாடியே விழுந்தது கணக்குலயே இல்ல.

நீங்களோ உங்க வீட்லயோ ஏற்கனவே ஏதாவது எடுத்துட்டு இருந்தீங்கன்னா டாக்டர் திட்டுவாரோன்னு மறைக்காதீங்க. டப்பா, பொடி, கஷாயம், காப்ஸ்யூல், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அப்படியே எடுத்துட்டுப் போய் மேஜை மேல வைங்க. என்ன, எவ்வளவு, எப்போல இருந்துன்னு சொல்லுங்க. ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா சில மூலிகை காப்ஸ்யூல் ரத்தம் உறையுறதைத் தாமதப்படுத்தும். பேரு எழுதாத பொடியா இருந்தா அதையும் சொல்லுங்க, என்ன இருக்குன்னே தெரியாத ஒண்ணு எந்த மாத்திரையோட மோதும்னு யாராலயும் சொல்ல முடியாது.